ஓவியமும் கலை வரலாறும் சேர்த்துப் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்து நுண்கலைப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் "வரலாற்றுப் பக்கம் போய்விடலாமா" என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். கட்டணம், தேர்வுத் தேதி, விண்ணப்ப முறை எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவை இங்கே இல்லை. அந்தந்தக் கல்லூரியின் அவ்வாண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

இரண்டையும் ஒரே பட்டமாகப் படிக்க முடியுமா?

பாதி ஸ்டுடியோ (கையால் செய்யும் பயிற்சி), பாதி வரலாறு என்று சரிசமமாகப் பிரித்த இளநிலைப் பட்டம் இந்தியாவில் அரிது. நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஓவியமோ சிற்பமோ அச்சுக்கலையோ முதன்மைப் பாடம்; கலை வரலாறும் அழகியலும் ஒவ்வொரு ஆண்டும் தியரித் தாள்களாகக் கூடவே வரும். பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலை), பி.வி.ஏ. (காட்சிக் கலை இளநிலை) என்று இரண்டு பெயர்களில் வழங்கும் 4 ஆண்டுப் பட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் தொடர்ச்சியான சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணத்தில் உள்ள கல்லூரியும் இந்த வகை.

இரண்டாவது, கலை வரலாறே முதன்மைப் பாடம். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்திலும் (1950), சாந்திநிகேதன் கலாபவனத்திலும் (1919) ஓவியம், சிற்பம் போலவே கலை வரலாறும் ஒரு துறை. இங்கே உள்ள வசதி, எல்லாத் துறையினருக்கும் பொதுவான அடிப்படை ஆண்டுதான். வரலாறு படிக்க வந்தவரும் அந்த ஆண்டில் வரைய வேண்டும், களிமண் பிசைய வேண்டும். அதன் பிறகும் ஓவிய ஸ்டுடியோ அதே வளாகத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது, கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நுண்கலைத் துறை. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் செயல்முறையையும் வரலாற்றையும் ஒரே துறை நடத்துகிறது. பெண்களுக்கான கல்லூரி அது.

எதை முதலில் படிப்பது நல்லது?

தயங்காமல் சொல்லலாம்: இளநிலையில் ஸ்டுடியோ, முதுநிலையில் வரலாறு. காரணம் தகுதி விதி. கலை வரலாற்று முதுநிலையில் பல இடங்களில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை, அழகியல் புலத்துக்கு இலக்கியம் படித்தவர்களும் சமூகவியல் படித்தவர்களும் போகிறார்கள். எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுநிலை) ஓவியத்துக்கு அப்படிப் போக முடியாது. பெரும்பாலும் அதே பிரிவில் 4 ஆண்டு இளநிலைப் பட்டம் கேட்பார்கள். ஆக, ஸ்டுடியோவில் தொடங்கினால் இரண்டு கதவும் திறந்திருக்கும். பி.ஏ. கலை வரலாற்றில் தொடங்கினால் ஒன்று கிட்டத்தட்ட மூடிவிடும்.

விதிவிலக்கு உண்டு. தினமும் வரைவது உங்களுக்குச் சுமையாக இருந்து, படிப்பதும் எழுதுவதும் இயல்பாக வருகிறது என்றால், 4 ஆண்டு ஸ்டுடியோவை இழுத்துப்பிடித்து முடிப்பதில் பொருள் இல்லை. நேராகக் கலை வரலாற்றுத் துறைக்குப் போங்கள்.

நுழைவுத் தேர்வில் என்ன கேட்பார்கள்? எங்கே சறுக்குகிறார்கள்?

வழக்கமாக எதிரே வைத்த பொருள்களைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து ஒரு காட்சி வரைதல், வண்ணத்தில் ஒரு அமைப்பு, சில இடங்களில் களிமண் வேலை. கலை வரலாற்றுத் துறை என்றால் இவற்றோடு ஒரு சிறு கட்டுரை அல்லது படத்தைப் பற்றிய கேள்வி. அதன் பிறகு போர்ட்ஃபோலியோவுடன் (உங்கள் படைப்புகளின் தொகுப்பு) நேர்காணல்.

பொருள் வரைதலில் பெரும்பாலான தவறுகள் முதல் 10 நிமிடத்திலேயே நடந்துவிடும். தாளின் நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குடத்தை வரைந்து, மீதி இடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விடுவார்கள். அல்லது குடத்தின் வாயை மட்டும் அரைமணி நேரம் மெருகேற்றிவிட்டு, பக்கத்தில் உள்ள துணிக்கு நேரமில்லாமல் கோடு மட்டும் போடுவார்கள். முதலில் தாளின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு மூன்று சிறு வரைவுகள் போட்டு அமைப்பை முடிவு செய்யுங்கள். பிறகு எல்லாப் பொருள்களையும் மெல்லிய கோட்டில் ஒன்றாக எழுப்பி, பெரிய நிழல்களை இட்டு, கடைசியில்தான் நுணுக்கம். விரலால் தேய்த்து நிழல் இடாதீர்கள். தாள் மங்கிப்போகும், வடிவமும் கரைந்துவிடும்.

போர்ட்ஃபோலியோவுக்கு 15 முதல் 20 படைப்புகள் போதும். நடிகர் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துக் கட்டம் போட்டு வரைந்தவை எத்தனை இருந்தாலும் அவற்றுக்கு மதிப்பில்லை. பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்கள், வீட்டுச் சமையலறை, மார்க்கெட், ஆடு மாடு என்று நேரில் பார்த்து வரைந்த ஸ்கெட்ச் நோட்டை அப்படியே கொண்டுபோங்கள், அழுக்குப் பக்கங்கள் உட்பட. இரண்டு துறையிலும் ஆர்வம் உள்ளவர் ஒரு கோயில் தூணையோ அருங்காட்சியகச் சிலையையோ நான்கு கோணங்களில் வரைந்து, பக்கத்தில் பத்து வரி குறிப்பு எழுதி வைத்தால் நேர்காணலில் பேச்சு தானாக அங்கே போகும்.

முதல் ஆண்டுக்கு என்ன வாங்க வேண்டும்?

2பி, 4பி, 6பி பென்சில்கள், கரி, போஸ்டர் கலர், 22-க்கு 30 அங்குல கார்ட்ரிட்ஜ் தாள், அதில் பாதி அளவுக்கு ஒரு பலகை, கிளிப். எண்ணெய் வண்ணப் பெட்டியை உற்சாகத்தில் வாங்கிவிடாதீர்கள். முதல் ஆண்டில் அது பெரும்பாலும் தேவைப்படாது. தியரிக்குக் கோடு போடாத நோட்டு வாங்கி, இடப்பக்கம் சிறு படம், வலப்பக்கம் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் இதன் அருமை தெரியும்.

கலை வரலாற்றுத் தேர்வு எப்படி இருக்கும்?

கட்டுரை வினாக்களோடு, திரையில் படம் காட்டி அடையாளம் கேட்கும் தேர்வும் பல இடங்களில் உண்டு. என்ன, எங்கே, எந்தக் காலம், யார் ஆட்சி, என்ன பொருளால் ஆனது, இப்போது எங்கிருக்கிறது: இந்த ஆறும் எழுத வேண்டும். பெயரும் ஆண்டும் மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கடைசி இரண்டில் மதிப்பெண்ணை விடுவார்கள். அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பம் என்றால் பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். அவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். இந்த இரண்டு தகவலும் தெரிந்தால்தான் அந்தத் தூபியின் கதையே புரியும்.

இணையப் படங்களை நம்பிப் படிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பல படங்கள் இடவலமாகத் திரும்பியிருக்கும். நடராஜர் இடக்காலைத் தூக்கியிருப்பார். வலக்கால் மேலே இருந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதற்காக உடனே "தவறு" என்று எழுதிவிடவும் கூடாது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் அவர் கால் மாறித்தான் ஆடுகிறார்.

ஸ்டுடியோப் பயிற்சி வரலாற்றுக்கு உண்மையிலேயே உதவுமா?

தானாக உதவாது. காலையில் கித்தானும் மாலையில் அசந்தா குறிப்பும் என்று ஓடி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே 4 ஆண்டு முடித்தவர்கள் நிறைய. ஒரே பொருளை இரண்டு கையாலும் பிடிக்கும்போதுதான் பலன்.

சோழர் செப்புத்திருமேனியை எடுத்துக்கொள்வோம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் செய்வார்கள். அதன்மேல் நைசான வண்டல் மண், பிறகு சற்றுக் கரடான மண் என்று படிப்படியாகப் பூசி உலர்த்துவார்கள். சூடேற்றி மெழுகை வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி, ஆறியபின் அச்சை உடைப்பார்கள். அச்சு உடைவதால் ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்றுதான். சிற்ப ஸ்டுடியோவில் ஒரு சாண் உயரத்தில் இதைச் செய்து பார்த்தவருக்கு, மெழுகில் சுலபமாக வரும் கோடு எது, உலோகத்தில் உளியால் வெட்டிய கோடு எது என்று கண் பழகிவிடும். மெழுகுக் கோட்டின் ஓரம் மழுங்கி, வளைவில் தயங்காமல் போகும். உளிக் கோடு கூர்மையாக, சிறுசிறு வெட்டுகளாகத் தெரியும். சோழர் காலத் திருமேனிகளில் நுணுக்க வேலை பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்திருக்கும். இன்று செய்யப்படுபவற்றில் வார்த்தபின் செதுக்குவது அதிகம். காலம் கணிக்கும்போது இது ஒரு சான்று.

ஒரே சான்று ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான திருமேனிகளில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. பாணியை வைத்தே கணிக்கிறோம். அதனால்தான் திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளையோடு வரும் சிவன் வடிவம்) போன்றவை முக்கியம். கோயில் கல்வெட்டு அவரை 1011-ஆம் ஆண்டோடு இணைக்கிறது. இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் அவரை அளவுகோலாக வைத்துத்தான் மற்றவை முன், பின் என்று வரிசைப்படுகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் கண்டார். மேல் அடுக்கு உதிர்ந்த இடத்தில் கீழ் அடுக்கு ஏன் தாங்கி நின்றது? ஈரச் சுண்ணத்தில் ஒரு சதுர அடி வரைந்து பாருங்கள். சுண்ணம் காய்வதற்குள் வரைந்த நிறம் சுவரோடு சேர்ந்து இறுகிவிடும். காய்ந்தபின் பசை கலந்து தீட்டியது மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். சில மணி நேரத்தில் சுண்ணம் காய்ந்துவிடுவதால் ஒருநாளில் எவ்வளவு பரப்பு முடியும் என்பதும் கைக்குத் தெரிந்துவிடும். அதன்பின் எந்தச் சுவரோவியத்தைப் பார்த்தாலும் பூச்சின் இணைப்புக் கோட்டைக் கண் தேடும்.

வரலாற்றாசிரியர் வரையத் தெரிந்தவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சி. சிவராமமூர்த்தியைப் பாருங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களைப் பற்றி 1942-ல் அவர் எழுதியபோது, நகை, உடை, இசைக்கருவி, இருக்கை என்று வகைவகையாகத் தன் கையாலேயே கோட்டுப்படம் வரைந்து ஒப்பிட்டார். ஒளிப்படம் எல்லாவற்றையும் காட்டும். கோட்டுப்படம் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டும்.

ஒரு படைப்பைப் பற்றி எழுத எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்திலிருந்து அல்ல. மாமல்லபுரம் பெரிய பாறைச் சிற்பத்தையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அர்ஜுனன் தபசா, கங்கை இறங்கியதா என்ற விவாதத்தை முதலில் படித்துவிட்டுப் போனால், நீங்கள் பார்ப்பது பாறையாக இருக்காது, விவாதமாகத்தான் இருக்கும்.

காலை வெயில் ஏறுமுன் போய், முதல் 20 நிமிடம் எழுதாமல் பாருங்கள். பிறகு மொத்தப் பரப்பை ஒரு பக்கத்தில், உருவங்களை வெறும் நீள்வட்டங்களாகப் போடுங்கள். எல்லாம் நடுப்பிளவை நோக்கி நகர்வது அப்போதே தெரிந்துவிடும். பிளவு இயற்கையானது; நாகர்கள் அதற்குள் இருக்கிறார்கள்; அதற்கு மேலே நீர்த்தொட்டி இருந்த தடயம் உண்டு. அடுத்து இரண்டு உருவங்களை மட்டும் ஒரே தாளில், ஒரே உயரத்தில் வரையுங்கள்: இடப்புறம் ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசி, வலப்புறம் யானைக்கு அருகே பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கிய பூனை. பூனையைச் சுற்றி எலிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பூனை அந்தத் தவசியின் தோரணையையே பிடித்திருப்பது தெரியும். கட்டுரைக்கான கேள்வி இங்கே பிறக்கிறது: தவத்தின் பெருமையைச் சொல்லும் ஒரு சிற்பத்தில் போலித் தவத்துக்கு ஏன் இடம் கொடுத்தார்கள்?

இதற்கு மேல்தான் நூலகம். எழுதும்போது "சிற்பி தன் உணர்வுகளை அற்புதமாக வெளிப்படுத்துகிறார்" என்ற வகை வரிகளை அடித்துவிடுங்கள். எந்த உருவம், எந்தப் பக்கம், என்ன அளவு, எதைப் பார்க்கிறது என்று எழுதிய வரிக்குத்தான் மதிப்பெண்.

இரண்டுக்கும் நேரம் போதுமா?

செமஸ்டர் நடுவில் போதும். முடிவில்தான் போதாது. படைப்புகளைக் காட்சிக்கு வைத்து ஆசிரியர்கள் மதிப்பிடும் ஜூரியும், தியரித் தேர்வும், கட்டுரை சமர்ப்பிப்பும் அடுத்தடுத்து வந்து விழும். எண்ணெய் வண்ணம் காய நாள் பிடிக்கும், களிமண் சுடச் சூளைக்கு முறை வரும். இவற்றை அவசரப்படுத்த முடியாது. கட்டுரையை முன்னால் நகர்த்தலாம். அதனால் செமஸ்டரின் பாதிக்குள் கட்டுரையின் முதல் வரைவை முடித்துவிடுவது ஒன்றே வழி. ஸ்டுடியோ வேலை நன்றாக இருந்தும் தியரி அரியர் விழுந்து, முதுநிலை சேர்க்கையில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு எப்படி எடுப்பது?

"சோழர் கலை", "தமிழ்நாட்டில் நவீன ஓவியம்" எல்லாம் தலைப்பல்ல, அலமாரி. ஓர் இடம், ஒரு காலம், ஒரு கேள்வி என்று குறுக்குங்கள். ஒரு குறிப்பிட்ட கோயில் மண்டபத்தின் விதானத்தில் கதை எந்தத் திசையில் நகர்கிறது? சோழமண்டலக் கலைக் கிராமம் 1966-ல் தொடங்கியபோது, கைவினைப் பொருள்களை விற்றுக் கிடைத்த வருமானம் அங்கே ஓவியர்கள் நிலைக்க எப்படி உதவியது? இப்படிக் கேட்டால் ஓர் ஆண்டில் பதில் தேடலாம். அச்சுக்கலை மாணவர் பழைய நாள்காட்டிப் படங்களை எடுப்பதும், சுடுமண் மாணவர் அய்யனார் குதிரையை எடுப்பதும் புத்திசாலித்தனம். பொருளின் குணம் ஏற்கெனவே கைக்குத் தெரியும்.

தலைப்பை உறுதி செய்யுமுன் பொருளை அணுக முடியுமா என்று பாருங்கள். பெரிய கோயில் உட்சுற்றுச் சோழர் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை அல்ல. தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கோயிலுக்குக் கோயில் படம் எடுக்கும் விதி வேறு. பழைய ஒளிப்படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பும், அச்சுப் பொருள்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் முதல் இடங்கள். துறைத்தலைவரின் கடிதத்தோடு போங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத் தியரியைச் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முதல் ஆண்டிலேயே வேலை தொடங்க வேண்டும். ஸ்டுடியோவில் இது தடையாகாது. பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் தியரி வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலம்தான். வாரம் ஒரு படைப்பு எடுத்து, முதலில் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். சிந்தனையில் குறையா, மொழியில் குறையா என்பது பிரிந்து தெரியும். கோயில் கலை படிப்பவருக்குத் தமிழ் பெரிய பலம். கல்வெட்டு, தலபுராணம், தேவாரம் மூன்றையும் மூலத்தில் வாசிக்க முடிகிற மாணவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் சேர்ந்தால் இரண்டும் கிடைக்குமா?

அங்கே கிடைப்பது மரபுச் சிற்பம், கட்டடக்கலை. தாள அளவு (சிலையின் உறுப்புகளுக்கான மரபு அளவுமுறை), சிற்ப நூல்கள், கல்லிலும் உலோகத்திலும் நேரடிப் பயிற்சி. அதற்கு ஈடு இல்லை. ஐரோப்பியக் கலை, நவீனக் கலை, கோட்பாடு ஆகியவற்றைப் பின்னால் வேறிடத்தில் படிக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இணைப் பட்டம் உண்டா?

உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பட்டம் 5 ஆண்டுகள், ஸ்டுடியோவும் கலை வரலாறும் கடைசிவரை சேர்ந்தே வரும். அதன் பெயர் எம்.ஏ. என்றிருந்தாலும் அது முதல் பட்டம்தான்; ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களின் வழக்கம் அது. இந்தியாவில் முதுநிலைக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது இதனால் குழப்பம் வரும். அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்றிதழுக்கு என்ன தேவை என்று சேருமுன்பே விசாரியுங்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியும் நுண்கலையையும் கலை வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்துவருகிறது. இரண்டிலும் போர்ட்ஃபோலியோவைவிட, அதை ஏன் செய்தீர்கள் என்ற விளக்கத்தில்தான் நம் பக்கத்து மாணவர்கள் பின்தங்குகிறார்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் கலை வரலாறு தமிழில் படிக்கலாம். அங்கே கற்பிக்கும் தா. சனாதனன் ஓவியராகவும் கலை வரலாற்றாசிரியராகவும் இயங்குபவர். இரண்டையும் விடாமல் செய்வதற்குத் தமிழில் அருகில் உள்ள எடுத்துக்காட்டு.

வேலை?

ஓவியத்தை மட்டும் விற்று வாழ்வது கடினம். கலை வரலாறு மட்டும் படித்தவருக்கு இடங்கள் குறைவு. இரண்டும் தெரிந்தவர் கல்லூரி ஆசிரியர், அருங்காட்சியகக் காப்பாட்சியர், பழம்பொருள் பாதுகாப்பு, கலைக்கூடம், ஏல நிறுவனத்தின் பட்டியல் பிரிவு, பதிப்பகம் என்று எட்டிப் பார்க்கலாம். பாதுகாப்புப் பணிக்கு வேதியியல் தேவைப்படும். பிளஸ் டூவில் அறிவியல் படித்திருந்தால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

கல்லூரியில் கற்பிக்க முதுநிலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வழக்கமான பாதை. நெட் தேர்வில் காட்சிக் கலை 79-ஆவது பாடம்; ஓவியம், சிற்பம், அச்சு, பயன்பாட்டுக் கலை, கலை வரலாறு எல்லாம் அதற்குள்தான். பொதுத் தாளில் 50 கேள்வி, பாடத் தாளில் 100, மொத்தம் 3 மணி நேரம், 300 மதிப்பெண். ஓவியம் படித்தவர்கள் பாடத் தாளில் திணறுவது மேற்கத்தியக் கலையிலும் அழகியலிலும். வரலாறு படித்தவர்கள் திணறுவது அச்சு முறைகளிலும் வார்ப்பு நுட்பங்களிலும். பழைய வினாத்தாள்களை எடுத்து, எந்தப் பக்கத்தில் விடுகிறீர்கள் என்று குறித்துக்கொண்டு அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.